தாத்தாவின் மிதவைச் சட்டை: துவைக்க வேண்டாம்

1943இல் கடற்படையில் தாத்தா போட்ட மிதவைச் சட்டையில் (லைஃப் ஜாக்கெட்) பூஞ்சை, துவைத்து வெயிலில் போட்டுக் காட்சிக்கு வைக்கலாமா என்று குளச்சலிலிருந்து கேட்டிருக்கீங்க. தயவுசெய்து தண்ணியே காட்டாதீங்க. பிரிந்த தையலில் மஞ்சள் மினுமினுப்பாகத் தெரிவது நம்ம தலையணை இலவம்பஞ்சுதான். இழைக்குள்ளே காற்று, மேலே மெழுகு, அதனால்தான் மிதந்தது. சோப்பு பட்டால் மெழுகு போகும், பஞ்சு கட்டி தட்டும், உள்ஈரம் காயாது. துணியில் அச்சடித்த எண்ணும் கலங்கிவிடும். அந்த எண்தான் இதன் அடையாளம்.

முகக்கவசம் போட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர விடுங்க. பூஞ்சை பொடியானதும் மேலே கொசுவலை விரித்து, வேக்குவமைக் குறைந்த இழுவையில் வைத்து எடுங்க. பூச்சி இருந்தால் பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் 2 வாரம். மீன் வைக்காத ஃப்ரீசராகப் பாருங்க. வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பிரிக்கணும், இல்லையென்றால் துணியில் நீர் கோர்க்கும்.

ஹேங்கரில் மாட்டினால் தோள்பட்டை கிழியும். அமிலமில்லாத் தாளில் படுக்க வையுங்க; இரும்புக் கொக்கிக்கு அடியிலும் ஒரு மடிப்பு, துரு துணியில் இறங்காது. வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பூஞ்சை திரும்ப வரும், கடலோர வீட்டில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு ஒரு ஈரமானியும் போடுங்க. பாச்சா உருண்டை வேண்டாம்.