வாய்விட்டுப் படித்தீர்களா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். மதுரையில் முனைவர் பட்டத்துக்காக ந.முத்துசாமியின் நாடகங்களை ஆய்வு செய்கிறேன். அவருடைய படைப்புச் செயல்பாடுதான் தலைப்பு. கரு, பாத்திரம், மொழிநடை, உத்தி என்று இயல் பிரித்து 140 பக்கம் எழுதிவிட்டேன். இவற்றை, வாழ்க்கையின் பொருளின்மையைக் காட்டுகிற அபத்த நாடகம் என்று வகைப்படுத்தலாமா என்று நெறியாளர் கேட்கிறார். 2018-இல் முத்துசாமி மறைந்துவிட்டதால் நேரில் கேட்கவும் வழியில்லை. எந்தக் கோட்பாட்டைக் கொண்டு அணுகினால் சரியாக இருக்கும்? அவருடைய நாடகம் எதையும் நான் மேடையில் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என்னுடைய பழைய நாடகப் பிரதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வைத்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அபத்தமா இல்லையா என்பதை விட்டுத்தள்ளுங்கள். டப்பாவின் மேல் ஒட்டுகிற சீட்டு அது. இயல் பிரிப்பும் அப்படித்தான், நெறியாளர் கேட்டபடி செய்துகொடுங்கள்.

மேடையில் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை உறுத்துவது அதுதான். அதையும் கடைசி வரியில், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதுபோலச் சொல்கிறீர்கள். பார்க்கக் கிடைக்காதது உங்கள் குற்றமில்லை. வாய்விட்டாவது படித்தீர்களா? நாலு பேரை உட்காரவைத்து ஒரு காட்சியையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்களா? இல்லையென்றால் இத்தனை நாளும் அச்சடித்த தாளைத்தான் ஆராய்ந்திருக்கிறீர்கள் தம்பி. கோபமாகத்தான் சொல்கிறேன்.

தூசி தட்டி எடுத்தேன் என்றேனே, எனக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது எழுதிய நாடகம் அது. மதுரையில் ஒரு மொட்டைமாடியில் ஒத்திகை. தகப்பன் மகனிடம் சொல்கிற வசனம்: "ஒன் அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடனை அடைக்கிறதுக்காகக் கிணத்தடி நெலத்தை நான் வித்துட்டேன்." தகப்பனாக நடித்தவர் கீழமாசி வீதியில் மூட்டை சுமப்பவர். மூன்று நாளாக அந்த வரியில் தடுக்கிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள், "வித்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். மகனாக நடித்த பையன் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தான். இவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கிணத்தடி." அவ்வளவுதான். அக்காவும் வரவில்லை, கடனும் வரவில்லை.

நான் கத்தினேன். வசனத்தை மாற்ற நீ யார் என்று, வயதில் மூத்தவரைப் பார்த்துக் கேட்டேன். "வித்ததை மொதல்ல சொல்லிட்டா அப்புறம் மூச்சு வருது தம்பி. கடைசி வரைக்கும் தூக்கிட்டுப் போக முடியல" என்றார்.

நம் மொழியில் வினை கடைசியில் வரும். எழுதுகிறவனுக்கு அது சௌகரியம், வாக்கியம் முடிகிறவரை விஷயத்தைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் பாரத்தோடு நிற்கிறவன் வினையை முதலில் கொட்டிவிடுவான். மிச்சமெல்லாம் துண்டு துண்டாகப் பின்னால் வரும், வராமலும் போகும். எத்தனை வருஷம் தமிழ் படித்தும் எனக்கு இது உறைக்கவில்லை. அவருக்கு மூச்சிலேயே தெரிந்திருந்தது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பிரதியில் இன்று அந்த இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன, என் பெயரில்.

முத்துசாமியும் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவர்தான். தாளோடு நின்றிருக்கலாம். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்து அவரைத் திருப்பிப் போட்டது. 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். ஓர் எழுத்தாளர், நடிகர்களின் உடம்பையும் குரலையும் பழக்குகிற ஓர் இடத்தை நாற்பது வருஷம் ஏன் கட்டிக் காக்க வேண்டும்? படைப்புச் செயல்பாடு என்று தலைப்பு வைத்துவிட்டு இதைக் கேட்காமல் எப்படி 140 பக்கம் போனீர்கள்? கூத்தைப் பற்றி அவரே எழுதிய 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகளை முதலில் படியுங்கள். நேரில் கேட்க வழியில்லை என்று கையை விரிக்காதீர்கள். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கே பழகியவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கேளுங்கள். எந்த வரியில் திணறினீர்கள், அப்போது அவர் வரியை மாற்றினாரா, உங்களை மாற்றினாரா என்று கேளுங்கள். ஒருவர் பதில் போட்டாலும் போதும், ஓர் இயல் தேறும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் உங்கள் பக்கத்து ஊர்களில் வள்ளி திருமணம் நாடகம் போடுவார்கள். கதாநாயகனாக வருகிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வந்தால் நாயகியாக வருகிற ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. பத்து மணிக்கு நாடகம் என்றால் எட்டு மணிக்கே போய், மேடைக்குப் பின்னால் ஒப்பனை போடுகிற இடத்தில் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். விடிய விடிய நடக்கப்போகிற நாடகத்துக்கு, பாட்டாலேயே வாதாடுகிற தர்க்கத்தில் யார் எந்தப் பாட்டை எடுப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று ஆர்மோனியக்காரரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். நோட்டை வெளியே எடுத்துவிடாதீர்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு வந்து எழுதி எனக்கும் அனுப்புங்கள். கோட்பாட்டை அதற்கப்புறம் பேசலாம்.