200-ஆவது இடத்தில் சோறு உண்டா?

கேள்வி: என் கணவர் வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியில் டென்னிஸ் ஸ்கோர் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார். நடால், அல்கராஸ் என்றால் எனக்கும் புரியும். இவர் பார்ப்பதோ தரவரிசையில் 200-ஐ ஒட்டிக் கிடக்கும் ஸ்பெயின்காரர்களை. அவர்கள் ஏன் இன்னும் ஆடுகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள்?

பதில்: உங்கள் கணவர் இருக்கட்டும், முதலில் சாப்பாட்டைப் பார்ப்போம்.

துருக்கியின் அந்தால்யா, துனிசியாவின் மொனாஸ்டிர் போன்ற ஊர்களில் வாராவாரம் சின்னப் போட்டிகள் நடக்கும். மொத்தப் பரிசே 15,000 டாலர். ஐந்து ஆட்டங்களை வரிசையாக வென்று கோப்பையைத் தூக்குகிறவருக்கு 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு 200கூடத் தேறாது. விமான டிக்கெட், ஓட்டல், ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் கட்டும் கூலி எல்லாம் பெரும்பாலும் அவரவர் பாடு. பந்து பொறுக்கித் தரும் பையன்களும் பல இடங்களில் கிடையாது. புள்ளியை இழந்த எரிச்சலோடு வேலிவரை நடந்து, பந்தை எடுத்துவந்து, மறுபடி சர்வீஸ் போட வேண்டும்.

எல்லோரும் கண் வைப்பது தரவரிசையில் முதல் 100-க்குள் நுழைவதில். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகள் ஒவ்வொன்றிலும் ஆடும் 128 பேரில் ஏறத்தாழ 104 பேர் தரவரிசையாலேயே நேராக நுழைகிறார்கள். 2025 பிரெஞ்சு ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 78,000 யூரோ. மொனாஸ்டிரில் முப்பது கோப்பைகள் வாங்கினாலும் அவ்வளவு சேராது! 2024 முதல் 250-க்குள் இருப்பவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு, ஆண்டுக்கு ஒரு குறைந்தபட்ச வருமானம் கிடைக்க, ஆண்கள் டென்னிஸை நடத்தும் அமைப்பான ஏடிபி வழி செய்திருக்கிறது. ஆக, உங்கள் வீட்டுக்காரரின் ஆளுக்கு இப்போது சோறு உண்டு.

ஏன் ஆடுகிறார்கள் என்பதற்கு டேனியல் முனியோஸ் டி லா நவாவைச் சொல்வேன். 1982-இல் மாட்ரிடில் பிறந்தவர். நடாலைப் போல இடது கைக்காரர்; ஒற்றுமை அத்தோடு சரி. நான்கு வயது இளைய நடால் 2005-இல் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் பட்டம் வென்றார். இவரோ மேலும் பத்து ஆண்டுகள் சேலஞ்சர் என்ற இரண்டாம் நிலைப் போட்டிகளிலும் அதற்குக் கீழேயும் உருண்டு, 2015-இல்தான் முதல்முறையாக 100-க்குள் வந்தார். அப்போது வயது 33! அடுத்த பிப்ரவரியில் 68-ஆம் இடம். அதுவே உச்சம்.

கணவர் பார்க்கும் ஆளுக்கு என்ன வயது என்று இன்றிரவு கேளுங்கள். 31, 32 என்று சொன்னால் அந்த செட் முடியும்வரை விட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவுவதை அதற்குப் பிறகு அவரிடம் ஒப்படைக்கலாம்.