ராஜ ரத்தம் இல்லாமல், தகுதியால் மட்டுமே அரியணை ஏறிய நாயகன் ஃபேன்டசி கதைகளில் உண்டா?

உண்டு, ஆனால் அரிது. பெரும்பாலும் நாயகன் எங்கோ ஏழையாக வளர்வான். கடைசியில் ஒரு பெரியவர் வந்து, "காணாமல்போன இளவரசன் நீதான்" என்று சொல்லிவிடுவார். அந்த இடத்தில் எனக்கு மனசே விட்டுப்போகும். அதுவரை அவன் பட்ட பாடெல்லாம் எதற்கு? டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வரும் அரகார்ன் எனக்கு உயிர். காயம்பட்டவர்களின் படுக்கையருகே அமர்ந்து, மூலிகையைக் கசக்கி வெந்நீரில் போட்டு அவன் குணப்படுத்தும்போது கண் கலங்கும். ஆனாலும் அவன் வாரிசாகப் பிறந்தவன்தானே!

லாயிட் அலெக்சாண்டர் 1964 முதல் 1968 வரை வெளியிட்ட, பிரைடெயின் என்ற கற்பனை நாட்டில் நடக்கும் ஐந்து நாவல்களைப் படியுங்கள். நாயகன் டாரன், பன்றி வளர்ப்பில் உதவியாள். பெற்றவர்கள் யாரென்று தெரியாது. நான்காவது நாவலில் அவர்களைத் தேடிக் கிளம்புகிறான். உயர்குலமாக இருக்க வேண்டுமே என்று உள்ளூர ஆசை. வழியில் ஓர் ஏழை இடையர், ஊன்றுகோலோடு நடப்பவர், "நீ என் மகன்" என்கிறார். டாரன் இடிந்துபோகிறான். ஒருநாள் அவர் பனிப் பள்ளத்தில் விழுந்து கிடக்கும்போது, இவர் செத்தால் எனக்கு விடுதலை என்று ஒரு கணம் அவன் மனம் நினைக்கிறது. உடனே வெட்கிக் கூசி, உயிரைப் பணயம் வைத்துக் கீழே இறங்குகிறான். தான் சொன்னது பொய் என்று அங்கேதான் அவர் ஒப்புக்கொள்கிறார். எனக்கு அவன் அரசனானது அந்தப் பள்ளத்தில்தான்.

பிறகு கொல்லரிடமும் நெசவுக்காரப் பாட்டியிடமும் குயவரிடமும் வேலை கற்கிறான். மண் பிசைவதில்தான் அவனுக்கு உயிர். ஆனால் அந்தக் கைவரம் அவனுக்கு இல்லை. எத்தனை முயன்றும் வராத ஒன்றை ஏற்றுக்கொண்டு எழுந்து போகிறான் பாருங்கள், எந்த வாள் சண்டையையும்விட எனக்கு அது பெரிது.

இறுதி நாவலில், சாவே இல்லாத தேசத்துக்குக் கப்பல் காத்திருக்கிறது. அவனுக்கும் இடமுண்டு. வரமாட்டேன் என்கிறான். இறந்துபோனவர்கள் பாதியில் விட்ட வேலைகள் இருக்கின்றன: ஒரு கடல் தடுப்புச்சுவர், ஒரு காய்கறித் தோட்டம். இதைச் சொன்ன பிறகுதான் அவனே அரசன் என்று அறிவிக்கிறார்கள்.

முன்னறிவிப்பு ஒன்று இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் குலம் கோத்திரம் இல்லாத ஒருவன் அரசனாவான் என்றுதான் அது சொன்னது. எல்லாரும் மடிந்துபோன ஒரு போர்க்களத்தின் ஓரம், மரங்களுக்கு நடுவே கண்டெடுத்த குழந்தை அவன். பெற்றவர்கள் பிரபுக்களா, குடியானவர்களா என்பதை அலெக்சாண்டர் கடைசிவரை சொல்லவே இல்லை.