அமெரிக்க மசில் கார் ஸ்கேல் மாடலை அசல் காரைப் போலவே கட்டறது எப்படி?

மசில் கார்னா 1960கள், 70கள்ல அமெரிக்காவுல வந்த, பெரிய இன்ஜின் வச்ச வேகமான கார். கேள்வியில மூணு விஷயம் இருக்கு. கிட் டப்பாவுல பாகம் பாகமா வர்ற பிளாஸ்டிக்கை அப்படியே ஒட்டினா அசல் கார் மாதிரியே வருமா, துல்லியமா வரணும்னா எதுல கண்ணு வைக்கணும், சென்னைல இருந்து புதுசா ஆரம்பிக்கறவர் முதல்ல எந்த கிட் எடுக்கலாம். நான் வேலை விஷயமா டெட்ராய்ட் பக்கத்துல இருக்கேன், இந்த கார்கள் பிறந்த ஊரு, அசல் வண்டியையே கிட்ட நின்னு பாக்க முடியறதால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

அப்படியே ஒட்டினா வராது. அழகா இருக்கும், ஷெல்ஃப்ல வச்சா பாக்கறவங்க நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க, ஆனா அந்த வண்டியைத் தெரிஞ்ச ஒருத்தர் பானெட்டைத் தூக்கிப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல நாலு தப்பு சொல்லுவார். இதுக்கும் கைத்திறமைக்கும் சம்பந்தமே இல்ல. ஏர்பிரஷ்ல கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடிக்கறவங்க கூட இதுல சறுக்கறாங்க, ஏன்னா அவங்க "ஒரு டாட்ஜ் சார்ஜர்" கட்டறாங்க. அப்படிப் பொதுவா ஒரு கார் ஃபேக்டரில இருந்து வெளிய வந்ததே கிடையாது. 1968ஆ 69ஆ 70ஆ, ஆர்/டியா (வேகத்துக்குன்னு வந்த ரகம்) சாதா மாடலா, 440 இன்ஜினா 426 ஹெமியா (எண் இன்ஜினோட கன அங்குல அளவு, ஹெமிங்கறது அந்த 426 இன்ஜினோட பேர்), கியர் நாலு ஸ்பீடா ஆட்டோமேட்டிக்கா, என்ன கலர், உள்ள சீட் என்ன கலர், வினைல் ரூஃப் (கூரை மேல போத்தின தோல் மாதிரி உறை) உண்டா இல்லையா, இவ்வளவும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு அதுக்கப்புறம் பசை பாட்டிலைத் திறங்க. துல்லியத்துல முக்கால்வாசி அந்த ஒரு பேப்பர்லயே இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன்.

சார்ஜரையே எடுத்துக்கங்க. 1968க்கும் 69க்கும் பாடி ஒண்ணுதான், ஆனா 68-ல முன்பக்க கிரில் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே நீட்டு, 69-ல நடுவுல ஒரு தடுப்பு வந்துடுச்சு. பின்னாடி 68-ல பக்கத்துக்கு ரெண்டு வட்ட லைட், 69-ல நீளப்பட்டையா ஆயிடுச்சு. ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல வர்ற தகடு) ஓரத்துல இருக்கற சைட் மார்க்கர் லைட் 68-ல வட்டம், 69-ல செவ்வகம். அமெரிக்காவுல 1968 மாடல்ல இருந்துதான் அந்த சைட் மார்க்கரே சட்டப்படி கட்டாயமாச்சு, அதனால 66, 67 வண்டில அது இருந்தாலே தப்பு. இன்ஜின் கலரும் அப்படித்தான். ஹெமின்னா ஆரஞ்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதைப் பாத்துட்டு 1968 ஆர்/டி-ல இருக்கற 440 மேக்னம் இன்ஜினுக்கும் ஆரஞ்சு அடிச்சுடறாங்க, அது அப்போ டர்க்காய்ஸ், பச்சையும் நீலமும் கலந்த கலர்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகள்ல, அதாவது டாட்ஜ், பிளிமத்ல, இன்ஜின் இருக்கற அறை முழுக்க பாடி கலர்லயே இருக்கும், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் சீட் இருக்கற இடத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பு), இன்னர் ஃபெண்டர் (ஃபெண்டரோட உள்பக்கத் தகடு) எல்லாமே. ஜிஎம் (செவர்லே, போன்டியாக் எல்லாம் இவங்களோடது), ஃபோர்டு வண்டிகள்ல அது கருப்பு. பழைய கிட்ல வர்ற குறிப்புத்தாளை மட்டும் நம்பி கருப்பு அடிச்சீங்கன்னா மஞ்சள் கலர் பிளிமத் ஒண்ணு செவர்லே வயித்தோட நிக்கும். டயர்லயும் இதே கதை, 1966 போன்டியாக் ஜிடிஓவுக்கு சிவப்புக் கோடு போட்ட ரெட்லைன் டயர்தான் சரி, வெள்ளை எழுத்து போட்ட குட்இயர் பாலிகிளாஸை மாட்டினா சில வருஷம் தாண்டிப் போயிடும்.

கிட் ஏன் இப்படி அரைகுறையா வருதுன்னா அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஏஎம்டி, எம்பிசி, ஜோ-ஹான் மூணுமே மிச்சிகன் கம்பெனிகள், கார் ஷோரூம்ல புது மாடலுக்கு விளம்பரமா குடுக்கற சின்ன பிளாஸ்டிக் கார் செஞ்சுதான் வளர்ந்தாங்க, அந்த பிளாஸ்டிக் வார்க்கற அச்சை வச்சே கடைக்கு கிட்டும் போட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் அசல் கார் மாற மாற அதே எஃகு அச்சை வெட்டி மாத்தி அடுத்த வருஷத்து மாடல் ஆக்கிடுவாங்க, அதனால சில வருஷத்து பாடி அச்சு இப்ப உலகத்துலயே இல்ல. அந்தக் காலத்து கிட்ல ரெண்டு பக்கத்துச் சக்கரத்தையும் சேக்கற ஆக்ஸிலுக்கு ஒரு இரும்புக் கம்பி, அது சில கிட்ல இன்ஜின் பிளாக்குக்குள்ளயே பூந்து அந்தப் பக்கம் வரும், அந்த ஓட்டையை பட்டி வச்சு அடைச்சு, சஸ்பென்ஷனை வேற கிட்ல இருந்து எடுத்து வைக்கறதுதான் வழி. இப்ப ஏஎம்டி, எம்பிசி பேரெல்லாம் ரவுண்ட் 2 கம்பெனிகிட்ட இருக்கு, பழைய அச்சுகளைத் திரும்பத் திரும்ப புது டப்பாவுல விடறாங்க. டப்பா புதுசா இருக்குன்னு உள்ள இருக்கறதும் புதுசுன்னு நினைச்சுடாதீங்க, வாங்கறதுக்கு முன்னாடி அந்த அச்சு எந்த வருஷத்துதுன்னு தேடிப் பாருங்க.

அளவும் ஒரு தொல்லை. ஏஎம்டி, எம்பிசி பெரும்பாலும் 1/25, அதாவது அசல் கார்ல இருபத்தஞ்சுல ஒரு பங்கு, மோனோகிராம்ங்கற கம்பெனியோடது பெரும்பாலும் 1/24. பேருக்கு ஒரு எண் வித்தியாசம்தானேன்னு தோணும், ஆனா சார்ஜரோட வீல்பேஸ் (முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம்) 117 அங்குலம், அது 1/25-ல கிட்டத்தட்ட 119 மில்லிமீட்டர், 1/24-ல 124. அஞ்சு மில்லிமீட்டர் கண்ணுக்கு நல்லாவே தெரியும், ஒண்ணோட சேஸிஸை (பாடிக்கு அடியில இருக்கற சட்டம்) இன்னொண்ணுக்குப் போட நினைக்கறவங்க இதை முதல்ல அளந்து பாத்துக்கணும். ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்கி வச்சுக்கங்க, அசல் அளவு தெரிஞ்சா 25ஆல வகுத்துட்டு பாடியில வச்சுப் பாக்கலாம், வீல்பேஸ், ரூஃப் உயரம், வீல் விட்டம் மூணு மட்டும் சரியா இருந்தாலே அந்த கிட் உழைப்புக்கு லாயக்குன்னு அர்த்தம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச வண்டிக்கு வர்றேன், 1970 பிளிமத் சூப்பர்பேர்ட். நாஸ்கார்ங்கற அமெரிக்க கார் ரேஸ்ல ஓட்டணும்னா அதையே ரோட்டுக்கும் ஒரு எண்ணிக்கை செஞ்சு விக்கணும்கற விதிக்காக வந்த வண்டி, சுமார் 1,900-க்குக் கொஞ்சம் மேல செஞ்சாங்க. முன்னாடி கூரான மூக்கு, பின்னாடி ஆளுயரம்னு சொல்லத் தோணற மாதிரி றெக்கை, இதெல்லாம் எல்லாரும் கவனமா செஞ்சுடுவாங்க. ஆனா இந்தக் காரைச் சரியா கட்டியிருக்காங்களான்னு பாக்க நான் முதல்ல பாக்கறது ரூஃபைத்தான். எல்லா சூப்பர்பேர்டுக்கும் கருப்பு வினைல் ரூஃப் உண்டு, அது ஸ்டைலுக்குப் போட்டதில்ல. காத்து சீரா வழுக்கிப் போகணும்னு பின் கண்ணாடியைச் சுத்தி தகடு வச்சு வெல்டிங் பண்ணி சாய்வை மாத்தினாங்க, அந்த வெல்டிங் தழும்பை நேரம் செலவு பண்ணித் தேய்ச்சு மறைக்கறதுக்கு பதிலா மேல வினைலைப் போத்திட்டாங்க. அதனால ரூஃபை பாடி கலர்ல விட்டீங்கன்னா அது ரோட்டுல வித்த சூப்பர்பேர்டே இல்ல. முன்பக்க ஃபெண்டரும் பானெட்டும் கூட பிளிமத்தோடது கிடையாது, டாட்ஜ் கோரோனெட்ல இருந்து எடுத்தது, அதனால வெறும் ரோட் ரன்னர் (சூப்பர்பேர்டுக்கு அடிப்படையா இருந்த பிளிமத் மாடல்) கிட்டுக்கு மூக்கு ஒட்டி இதைச் செய்யப் போறவங்க அங்கயே மாட்டிப்பாங்க.

அந்த வினைலை எப்படிக் கொண்டு வர்றதுன்னா, அசல் வினைலோட சொரசொரப்பு 25ஆல வகுத்தா கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது, கிட்ல அச்சடிச்சு வர்ற மேடுபள்ளம் அளவுல பாத்தா முதலைத் தோல் மாதிரி இருக்கும். நான் அதை உப்புத்தாள் போட்டு பாதிக்கு மேல தேய்ச்சுடுவேன். அப்புறம் ரூஃப்ல முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஓடற ரெண்டு தையல் கோட்டுக்கு முடி மாதிரி இழுத்த பிளாஸ்டிக் இழையை ஒட்டி, மத்த இடத்தையெல்லாம் மாஸ்கிங் டேப் போட்டு மூடிட்டு, செமி-மேட் கருப்பைக் கொஞ்சம் தூரத்துல இருந்து, காத்துலயே பாதி காய்ஞ்சு பொடி மாதிரி போய் விழற மாதிரி அடிச்சா, அந்த மங்கின தோல் பளபளப்பு தானா வந்துடும். ஓரத்துல வர்ற குரோம் பட்டைக்கு பேர்-மெட்டல் ஃபாயில் (ஒட்டற மெல்லிய உலோகத் தாள்)தான், வெள்ளி பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

கலர் பேர்லயும் ஜாக்கிரதை. கிரைஸ்லர் ஒரே பெயிண்டை டாட்ஜுக்கு ஒரு பேர், பிளிமத்துக்கு ஒரு பேர்ல வித்தது. டாட்ஜ்ல பிளம் கிரேஸின்னா பிளிமத்ல இன்-வயலட், டாட்ஜ்ல ஹெமி ஆரஞ்சு பிளிமத்ல டார்-ரெட், கோ மேங்கோ அங்க வைட்டமின் சி, சப்ளைம் அங்க லைம்லைட். பாட்டில் ஒண்ணுதான், அதனால பேர் மாறியிருக்கேன்னு கலர் கிடைக்கலன்னு தேடி அலைய வேண்டியதில்ல. ஆனா எந்தக் கலர் எந்த வண்டிக்கு உண்டுன்னு பாக்கணும், சூப்பர்பேர்டுக்கு ஃபேக்டரில ஏழு கலர்தான், ஊதா அதுல கிடையாது, சீட்டும் கருப்பு இல்லன்னா வெள்ளை, அவ்வளவுதான்.

பானெட்டுக்குள்ள ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்குன்னா, ஸ்பார்க் பிளக் ஒயரைச் செய்யுங்க. 426 ஹெமில பிளக் வால்வ் கவரோட நடுவுலயே குழி வச்சு உள்ள இறங்கும், அதனால ஒயர் பக்கவாட்டுல போகாம கவர் மேலயே வந்து நாலு நாலா விழும், அந்த சொரசொரப்பான கருப்பு வால்வ் கவரும் அது மேல ஓடற ஒயரும்தான் ஹெமியோட முகம். எல்லா பிளக் ஒயரும் வந்து சேர்ற டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினுக்கு முன்னாடி, செவர்லேன்னா பின்னாடி ஃபயர்வால் பக்கம். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருக்குப் பொறி போற வரிசை, 1-8-4-3-6-5-7-2, ஒற்றைப்படை சிலிண்டர் டிரைவர் பக்கம், இரட்டைப்படை அந்தப் பக்கம், ஹெமிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில இந்த வரிசை கடிகாரத்துக்கு எதிர்த் திசையில சுத்தி வரும். ஒயர் எது எங்க போகணுமோ அங்கயே போகட்டும், எட்டையும் கொத்தா சொருகி விட்டதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணு உடனே கண்டுபிடிச்சுடும். அசல் ஒயர் 7 மில்லிமீட்டர் தடிமன், 25ஆல வகுத்தா 0.28 மில்லிமீட்டர், மாடலுக்குன்னே விக்கற ஒயர் பலதும் இதைவிட தடிமன்தான், அளந்து வாங்குங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில ஓட்டை போட பின் வைஸும் (கையால திருப்பற சின்ன டிரில் பிடி) ஊசி மாதிரி டிரில் பிட்டும் வேணும், பொறுமையா கையாலயே திருப்பணும், மோட்டார் வச்சா பிளாஸ்டிக் உருகிடும்.

பெயிண்ட்ல ரெண்டே விஷயம் சொல்றேன். முதல்ல அச்சுக் கோடு, பிசிறு, அமுங்கின இடம் எல்லாத்தையும் எடுத்துட்டு, கதவு, டிக்கி கோடுகளைப் பழைய பிளேடோட முதுகால கொஞ்சம் ஆழமாக்கிட்டுதான் பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி போடற அடிப்பூச்சு) போடணும், இல்லன்னா பெயிண்ட் போய் கோட்டை அடைச்சுடும். ரெண்டாவது, அசல் கார் கடையில வாங்கற மெட்டாலிக் டச்-அப் பெயிண்ட்ல இருக்கற மினுமினுப்புத் துகள் 1/25 பாடி மேல சரிகை தூவின மாதிரி தெரியும், மாடலுக்குன்னு வர்ற மெல்லிய துகள் போட்டது பாத்து எடுங்க. சென்னைல காத்துல ஈரம் ஜாஸ்திங்கறதால லேக்கர் பெயிண்ட் (சீக்கிரம் காயற தின்னர் வகை) அடிச்ச உடனே வெள்ளையா பூத்துப் போக வாய்ப்பு அதிகம், மழை நாள்லயும் ராத்திரிலயும் அடிக்காதீங்க, முடிஞ்சா ஏசி ஓடி ஈரம் குறைஞ்ச ரூம்ல, ஜன்னலுக்கு வெளிய புகை போற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு, மாஸ்க் போட்டு அடிங்க.

ரெஃபரன்ஸ் போட்டோ பத்தி ஒண்ணு. இங்க ஆகஸ்ட் மாசம் மூணாவது சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்னு நடக்கும், 1995ல இருந்து நடக்குது, உட்வர்ட் அவென்யூ முழுக்க இந்த வண்டிகள் வரிசையா போகும், ஓனர்கள்கிட்ட கேட்டா சந்தோஷமா பானெட்டைத் தூக்கிக் காட்டுவாங்க. ஆனா அதுல பாதிக்கு மேல ரீஸ்டோர் பண்ணின வண்டிகள், ஃபேக்டரி குடுத்ததைவிட பளபளன்னு இருக்கும், குரோம் இல்லாத இடத்துல குரோம் இருக்கும், சாதா ரோட் ரன்னர் ஹெமி ஸ்டிக்கரோட நிக்கும். அதனால போட்டோ தேடும்போது ரீஸ்டோர் பண்ணாத, பழைய பெயிண்டோட அப்படியே தப்பிச்ச வண்டி கிடைச்சா அதைத்தான் நம்பணும். வண்டியோட அடியில பிரைமர் தெரிய, பாடி கலர் ஓரமா சிதறி விழுந்து கிடக்கறதெல்லாம் அதுலதான் பாக்க முடியும், ஃபேக்டரில அவசரத்துல அடிச்ச பெயிண்ட் அப்படித்தான் இருந்துச்சு, அதையே மாடல்ல கொண்டு வந்தா அதுக்கு வர்ற உயிரே தனி.

கடைசியா எந்த கிட். முதல் கிட்டா ரெவெல் கம்பெனியோட 1/25 1968 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி எடுங்க, உள்ளயே தெரிஞ்சுக்க நிறைய இருக்கு, ரெஃபரன்ஸ் போட்டோவுக்கும் பஞ்சமில்ல. சூப்பர்பேர்ட்தான் வேணும்னு இருந்தா மோனோகிராம் அச்சுல இருந்து ரெவெல் டப்பாவுல வர்ற 1/24 இருக்கு. 1/25 வேணும்னா ஜோ-ஹானோடது ஒண்ணு இருக்கு, அந்தக் கம்பெனி மூடியாச்சு, பழைய டப்பா விக்கறவங்ககிட்டதான் தேடணும், முதல் கிட்டுக்கு அவ்வளவு காசு போடாதீங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கிட், ஃபாயில், டெகால் (தண்ணில ஊறவச்சு ஒட்டற ஸ்டிக்கர்) மட்டும் வரவழைங்க, ஸ்ப்ரே கேனும் தின்னரும் விமானத்துல ஏத்த மாட்டாங்க, அதை ஊர்லயே வாங்கிக்கங்க. எந்த வருஷம், எந்த இன்ஜின், என்ன கலர்னு முடிவு பண்ணிட்டு கமெண்ட்ல போடுங்க, அந்த வண்டிக்கு கிட்ல எதை மாத்தணும்னு சொல்றேன்.