எடையும் விலையும் தெரிந்த பிறகே மீன் சட்டிக்குப் போகட்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (தேவிபட்டினம் வாசகர்): விடுமுறைக்கு வந்த உறவினர்களைக் கடற்கரைச் சாலையில் உள்ள ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்றோம். ஐஸ் தட்டில் அடுக்கியிருந்த மீன்களில் ஒரு விளைமீனைக் காட்டிப் பொரித்துத் தரச் சொன்னோம். விலைப்பட்டியலில் அதற்கு நேராக ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருந்தது. பில்லில் அந்த ஒரு மீனுக்கு 1,200 கிராம் என்று எடை போட்டு 1,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். தட்டில் வந்தது அத்தனை எடை இருக்க வாய்ப்பே இல்லை. கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: ‘அன்றைய விலை’ என்று எழுதியிருப்பதே குற்றம் ஆகாது. நம் கடற்கரையில் மீன் விலை உண்மையிலேயே நாளுக்கு நாள் மாறுகிறது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. காற்று பலமாக வீசினால் இரண்டுமே கரையில் நிற்கும். ஏலத்தில் கேட்கும் விலை வந்து இறங்கிய கூடைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே பட்டியலில் நிரந்தர விலை அச்சடிக்க முடியாது என்று உணவகக்காரர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அன்றைய விலை என்னவென்று அன்றைக்கு, மீன் எண்ணெயில் விழுவதற்கு முன்னால், வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. சாப்பிட்டு முடித்த பிறகு பில்லில் தெரியவருவதை அந்த உரிமை நிறைவேறியதாகக் கொள்ள முடியாது.

எடையில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன. முழு மீனை நிறுத்த எடை வேறு, செதில், செவுள், குடல் நீக்கிய பின் எடை வேறு, பொரித்து எடுத்த பின் எடை வேறு. நீர்ச்சத்து வற்றுவதால் பொரித்த மீன் பச்சை மீனைவிடக் கண்டிப்பாகக் குறைந்தே இருக்கும். இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். நண்டில் சதை அதைவிடக் குறைவு. எனவே தட்டில் வந்தது சிறிதாகத் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து ஏமாற்று என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் கண் முன்னால் நிறுத்தார்களா, எந்த நிலையில் நிறுத்தார்கள், நூறு கிராம் 150 ரூபாய் என்று முன்கூட்டிச் சொன்னார்களா என்பவைதான் கேட்கப்பட வேண்டியவை.

உங்கள் விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சமைத்துப் பரிமாறும் உணவுக்கு அதிகபட்சச் சில்லறை விலை என்று ஒன்று கிடையாது. விலை அதிகம் என்ற காரணம் மட்டும் நிற்காது. விலை சொல்லப்படவில்லை, எடை காட்டப்படவில்லை என்பதே உங்கள் வாதமாக இருக்க முடியும். பில் கையில் இருப்பது நல்லது. முதலில் உணவக உரிமையாளருக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். எடைத் தராசு மீது சந்தேகம் இருந்தால் அது தனிப் புகார். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. வணிகத்தில் பயன்படும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரையிட வேண்டும், அந்தச் சான்றைக் கடையில் மாட்டியிருக்கவும் வேண்டும்.

அடுத்த முறை மீனைக் கைகாட்டும்போதே, என்ன மீன், நூறு கிராம் என்ன விலை, சுத்தம் செய்வதற்கு முன் எடையா பின் எடையா, மசாலாவுக்கும் பொரிப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு, தராசில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் முன்னால் விலை கேட்பதைப் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் சில கடைகள் பட்டியலை வெறுமையாக விட்டு வைக்கின்றன.

கேள்வி (கீழக்கரை வாசகி): சென்னையில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது குடும்பத்தோடு ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். உணவுக்கு 2,400 ரூபாய். அதன் மேல் ‘சர்வீஸ் சார்ஜ்’ 10 சதவீதம், பிறகு ஜிஎஸ்டி என்று மொத்தம் 2,772 ரூபாய் ஆனது. கேட்டதற்கு, இது எங்கள் உணவக விதி என்றார்கள். நம் ஊர்க் கடைகளில் இப்படி இல்லையே?

பதில்: சர்வீஸ் சார்ஜ் என்பது அரசு வரி அல்ல, உணவகமே வைத்துக்கொள்ளும் பணம். அதை வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்கும் போயின.

உங்கள் பில்லைக் கணக்கிட்டுப் பார்த்தால், 2,400 ரூபாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 120 ரூபாய் சேர்த்து 2,520 ரூபாய்தான் வர வேண்டும். அவர்கள் 240 ரூபாயைச் சேர்த்து, 2,640 ரூபாய்க்கு வரி போட்டு 132 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். உங்களிடமிருந்து கூடுதலாகப் போனது 252 ரூபாய். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லிக் கேட்பதுதான் மிக எளிய வழி. மறுத்தால் பில்லை வாங்கிக்கொண்டு 1915இல் புகார் செய்யலாம். பரிமாறிய தம்பிக்குக் கொடுக்க விரும்பும் பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள். பில்லில் வசூலிக்கும் தொகை அவரிடம் போய்ச் சேருகிறதா என்பதை நீங்கள் அறிய வழியில்லை.

நம் ஊர்க் கடைகளில் சர்வீஸ் சார்ஜ் அரிது என்பது உண்மை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. சிறிய உணவகங்கள் பல ‘காம்போசிஷன்’ என்னும் தொகுப்புத் திட்டத்தில் இருக்கின்றன. அவை தங்கள் விற்பனைத் தொகையிலிருந்து வரியைத் தாங்களே கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்கக் கூடாது, இந்தத் திட்டத்தில் இருப்பதைப் பில்லிலேயே குறிப்பிடவும் வேண்டும். பில்லில் வரி போட்டிருந்தால் 15 எழுத்து-எண்கள் கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். எண் இல்லாமல் வரி மட்டும் இருக்கும் பில்லுக்கு வரியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (இராமேஸ்வரம் வாசகர்): இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டிலுக்கு உணவகத்தில் நாற்பது ரூபாய் வாங்கலாமா?

பதில்: உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களும் ஓட்டல்களும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது; அங்கே பொருளோடு சேவையும் சேர்ந்திருப்பதே காரணம். பெட்டிக்கடை, பேருந்து நிலையக் கடை, ரயில் நிலையக் கடை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. உணவகத்தில் சாதாரணக் குடிநீர் கேளுங்கள். பாட்டிலை நீங்கள் கேட்காமல் மேசையில் வைத்திருந்தால் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி (மண்டபம் வாசகி): தடைக்காலத்தில் மார்க்கெட்டுக்கு வரும் மீனை வாங்கவே பயமாக இருக்கிறது. கெடாமல் இருக்கப் பார்மலின் என்னும் ரசாயனம் போட்டிருப்பார்கள் என்கிறார்கள். ஈ மொய்க்காத மீன் என்றால் பார்மலின் என்று அர்த்தமா?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத்தான் தடை. நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் அந்த நாள்களிலும் கடலுக்குப் போகின்றன. நகரை, முரல், நண்டு, கணவாய் போன்றவை சிறு அளவில் கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்குகிறது என்பதால் அதுவரை கேரளத்திலிருந்தும் மீன் வருகிறது. தடைக்காலத்தில் பெரிய சீலாவும் பாறையும் குவிந்து கிடந்தால், அவை வெளியூரிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் தவறில்லை; ஆனால் ‘இன்றைக்குப் பிடித்தது’ என்று சொல்லி அந்த விலைக்கு விற்பது தவறு.

ஈயை வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக ஐஸ் போட்ட மீனிலும் ஈ அதிகம் உட்காராது. கண் தெளிந்து வெளியே பிதுங்கியிருப்பது, செவுள் சிவந்து வழுவழுப்பாக இருப்பது, விரலால் அழுத்திய சதை உடனே பழைய நிலைக்குத் திரும்புவது, கடல் வாசனை மட்டும் இருப்பது ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். மீனுக்கு உரிய வாடையே இல்லாமல், சதை மட்டும் விறைத்து, கண் மங்கிக் கிடந்தால் வாங்க வேண்டாம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பார்மலினையும் அம்மோனியாவையும் கண்டறியும் எளிய சோதனைத் தாள்களை உருவாக்கியிருக்கிறது. தொடர்ந்து சந்தேகம் எழும் மார்க்கெட்டில் அதைக் கொண்டு பரிசோதிக்கும்படி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுப்பது, ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பயப்படுவதைவிடப் பயன் தரும்.

ஐஸையும் பாருங்கள். உண்பதற்குத் தகுதியில்லாத தண்ணீரில் செய்யும் ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் உத்தரவிட்டது. மீன் மேல் நீல ஐஸ் கிடந்தால் வாங்க வேண்டாம்.

கேள்வி (பாம்பன் வாசகர்): ஓர் உணவகத்தில் சூரை மீன் குழம்பு சாப்பிட்ட நாங்கள் நால்வருக்கும் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தன. மருத்துவமனைக்குப் போய் மருந்து வாங்கினோம். உங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்கிறார் கடைக்காரர். பிறந்தது முதல் மீன் சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

பதில்: என்ன நோய் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். ஆயினும் ஒரே குழம்பைச் சாப்பிட்ட நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஒரே குறி தோன்றியது என்பது தனிமனித ஒவ்வாமையைக் காட்டிலும் ஹிஸ்டமின் நஞ்சைத்தான் நினைவூட்டுகிறது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்ததிலிருந்து சட்டிக்குப் போகும் வரை போதிய ஐஸ் இல்லாமல் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்தால், நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் பிறகு உறைய வைத்தாலும் அழியாது. மீன் கெட்ட வாடை அடிக்காமலும் இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு போன்ற காரமோ எரிச்சலோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மூச்சுத் திணறல் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

கடைக்காரரின் பதிலோடு நீங்கள் ஓய்ந்துவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது அன்று அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் நேர்ந்திருக்கலாம். உணவக பில், மருத்துவச் சீட்டு, மருந்து பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உணவக பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் இது கட்டாயம். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு உடனே புகார் எழுதுங்கள். தாமதமானால் மிச்ச மீன் எதுவும் சோதனைக்குக் கிடைக்காது. இனி இப்படி ஒன்று நேர்ந்தால் மிஞ்சிய குழம்பை மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் புகார் செய்யுங்கள். வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கவும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் ஏற்பட்ட உடல் பாதிப்புக்கு இழப்பீடு பற்றிப் பேசுகிறது.

இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கேள்வி (தொண்டி வாசகி): வீட்டு மீன் குழம்புக்குக் கடையில் உதிரியாக விற்கும் மிளகாய்த் தூளை வாங்கலாமா? சாயம் கலப்பதாகச் சொல்கிறார்களே.

பதில்: வாங்க வேண்டாம். மசாலாத் தூள்களைப் பொட்டலமிடாமல் உதிரியாக விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகளே தடுக்கின்றன. முழு மிளகாய் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைப்பதற்கு நம் மாவட்டத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உருண்டையாக, தோல் தடித்து, பளபளப்பாக, குலுக்கினால் விதை சலசலக்கும் அளவுக்குக் காய்ந்ததாகப் பாருங்கள். ஈரம் உள்ள மிளகாய் எடையில் நஷ்டம், பூஞ்சையும் பிடிக்கும்.

கேள்வி (சாயல்குடி வாசகர்): சென்னையில் இருக்கும் மகன் இணையத்தில் ‘இராமேஸ்வரம் கருவாடு’ வாங்குகிறான். எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?

பதில்: பொட்டலத்தில் நிகர எடை, அதிகபட்சச் சில்லறை விலை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். ஊர்ப் பெயரை அட்டையில் போடுவது எளிது. முகவரி எந்த ஊர் என்று பார்க்கச் சொல்லுங்கள். நெத்திலி, காரல் போன்ற சிறு கருவாட்டில் மணல் நறநறத்தால் அது தரையில் காய்ந்தது. வலையிலோ சிமெண்ட் தளத்திலோ காயவைத்தது சுத்தமாக இருக்கும். உப்புக் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்புப் பூச்சு தெரிந்தால், உப்பில் வாழும் நுண்ணுயிர் பெருகியிருக்கிறது என்று பொருள். திருப்பி அனுப்ப வேண்டும். கையில் பிசுபிசுத்து வளையும் கருவாட்டில் ஈரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால், மாற்றிக் கேட்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.