ஜப்பானில் கோயில், கோட்டை தவிர உண்மையிலேயே பழமையான இடம் எதையாவது போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். வட ஜப்பானின் அவோமோரி நகரத்தில் உள்ள சன்னாய்-மருயாமா என்ற பழங்காலக் குடியிருப்புக் களத்துக்குப் போங்கள். கியோட்டோ கோயில்களெல்லாம் இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்தவை. ஜோமோன் காலத்து (ஜப்பானின் கற்காலம்) மக்கள் சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே குடியேறி, 1,700 ஆண்டுகள் போல வாழ்ந்திருக்கிறார்கள். அதுவும் நெல் விவசாயம் இல்லாமல்! மீன், வேட்டை, கொட்டைகள், அவ்வளவுதான். ஊரைச் சுற்றி செஸ்ட்நட் மரங்களைப் பேணி வளர்த்ததற்கும் தடயம் இருக்கிறது.

1992-ல் பேஸ்பால் மைதானம் கட்டப்போகும் இடமென்று தோண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1994-ல் ஆறு பெரிய குழிகள் கிடைத்தன. உள்ளே ஒரு மீட்டர் தடிமனுள்ள செஸ்ட்நட் தூண்களின் அடிக்கட்டைகள், மட்காமல். மைதான வேலையை அந்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாயிற்று.

அந்த ஆறு தூண்களை மறுபடி நட்டு, 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டமைப்பு எழுப்பியிருக்கிறார்கள். மரம் ரஷ்யாவிலிருந்து வந்தது. கூரை இருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதால், தளங்களை மட்டும் போட்டுக் கூரையில்லாமல் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்திலேயே நிஜக் குழிகளுக்கு மேல் ஒரு கூடம் இருக்கிறது, அதற்குள் போங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம். அடுத்தடுத்த குழிகளுக்கு இடைவெளி 4.2 மீட்டர், எல்லாப் பக்கமும் அதே அளவு. உலோகக் கருவி ஒன்றுகூட இல்லாதவர்கள் அளந்த அளவு இது. வெளியே நிற்பது இன்றைய மனிதர்களின் ஊகம். எனக்கு இந்தக் குழிகள்தான் பிடித்தன.

அப்புறம் 32 மீட்டர் நீளமுள்ள குழிவீடு ஒன்று, அதுவும் திரும்பக் கட்டியதுதான், உள்ளே நடக்கலாம். அருங்காட்சியகத்தில் மரப்பட்டை நாரால் பின்னிய, கையளவே உள்ள ஒரு பை இருக்கிறது. கண்டெடுத்தபோது உள்ளே உடைந்த வால்நட் ஓடு இருந்ததாம். களிமண் பொம்மைகளையும் பாருங்கள். இங்கே 2,000-க்கு மேல் கிடைத்திருக்கின்றன.

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஷின்-அவோமோரிக்கு மூன்றேகால் மணி நேரம், அங்கிருந்து பஸ். டிசம்பர் முதல் மார்ச் வரை வேண்டாம். அவோமோரி பனியில் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியாது.