ஒரு பிரைமரி கீ 40 வரியான கதை

கே: டேபிளில் உள்ள நெடுவரிசைகளைப் பட்டியலிடுவது எப்படி? (வில்லியனூர்)

ப: எந்த டேட்டாபேஸ்? பெயரும் பதிப்பும் எழுதுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது! மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்கியூஎல் சர்வர் என்றால் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் (டேட்டாபேஸ் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் பட்டியல்கள்) காலம்ஸ். ஆரக்கிளில் அது கிடையாது, யூசர்_டேப்_காலம்ஸ் பாருங்கள். எஸ்கியூலைட்டில் பிராக்மா டேபிள்_இன்ஃபோ கட்டளை.

கே: ஆரக்கிளில் டேபிள் பெயர் சரியாகத்தான் கொடுத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. (நெய்வேலி)

ப: பெரிய எழுத்தில் கொடுங்கள். மேற்கோள் இல்லாமல் உருவாக்கிய பெயரை ஆரக்கிள் அப்படித்தான் வைத்திருக்கும். போஸ்ட்கிரஸில் சிறிய எழுத்து.

கே: மைஎஸ்கியூஎல் 8. மண்டிக் கணக்கில் 40 டேபிள். 'பில்' டேபிளின் பிரைமரி கீயை (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் நெடுவரிசை) கேட்டால், எந்த ஸ்கீமா (டேபிள்களின் தொகுப்பு) என்ற நிபந்தனை கொடுத்தும் 40 வரி வருகிறது. டேட்டாபேஸ் கெட்டுவிட்டதா? (பண்ருட்டி)

ப: கெடவில்லை, ஜாயின்தான் (இரண்டு பட்டியலை இணைத்த விதம்) தப்பு. டேபிள்_கன்ஸ்ட்ரெயிண்ட்ஸையும் (டேபிள் விதிகளின் பட்டியல்) கீ_காலம்_யூசேஜையும் (கீயில் உள்ள நெடுவரிசைகளின் பட்டியல்) கன்ஸ்ட்ரெயிண்ட்_நேமை, அதாவது விதியின் பெயரை மட்டும் வைத்து இணைத்திருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல்லில் எல்லா டேபிளின் பிரைமரி கீக்கும் ஒரே பெயர்: பிரைமரி. நீங்கள் வேறு பெயர் வைத்தாலும் கண்டுகொள்ளாது. அதனால் பில்லின் ஒரே வரி சரக்கு, விவசாயி, வண்டி வாடகை என்று எல்லா டேபிளின் கீயோடும் ஒட்டிக்கொண்டது. கன்ஸ்ட்ரெயிண்ட்_ஸ்கீமா, டேபிள்_நேம் இரண்டையும் சேர்த்து இணையுங்கள், ஒரு வரிதான் வரும்.

இந்த ஜாயினைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரே டேபிளை வைத்துச் சோதித்தால் சரியாகவே தெரியும். அதனால்தான் கைமாறிக்கொண்டே இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு கடையின் தரவைப் புது சர்வருக்கு மாற்றப் போனேன். இப்படி எடுத்த பட்டியலைத்தான் அச்சிட்டு நீட்டினார்கள். பில்லில் இல்லாத நெடுவரிசைகளைத் தேடியே இரண்டு நாள் போயிற்று. போஸ்ட்கிரஸ்காரர்களும் கவனியுங்கள்: செக் (மதிப்பைச் சோதிக்கும் விதி), ஃபாரின் கீ (வேறு டேபிளைச் சுட்டும் கீ) பெயர்கள் ஒரே ஸ்கீமாவில் இரண்டு டேபிளில் ஒன்றாகவே இருக்கலாம். பெயரை மட்டும் நம்பி இணைக்காதீர்கள்.

கே: போஸ்ட்கிரஸ் 15. நெடுவரிசைகள் தெரிகின்றன, டேபிள்_கன்ஸ்ட்ரெயிண்ட்ஸ் மட்டும் காலி. (சிதம்பரம்)

ப: பதிப்பு எழுதியதற்கு நன்றி! உங்கள் யூசருக்கு செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் இருக்கும். அந்த வியூ டேபிளின் சொந்தக்காரருக்கோ, செலக்ட் தவிர வேறு உரிமை உள்ளவருக்கோதான் காட்டும். போஸ்ட்கிரஸின் சொந்தப் பட்டியலான பிஜி_கன்ஸ்ட்ரெயிண்ட்டில் பாருங்கள். பிஜி_கெட்_கன்ஸ்ட்ரெயிண்ட்டெஃப் என்ற ஃபங்ஷன் முழு வரையறையும் தரும்.

கே: மைஎஸ்கியூஎல் 5.7. மீன் எடைக்கு செக் எழுதியும் மைனஸ் எடை பதிவாகிறது. (கடலூர் முதுநகர்)

ப: 8.0.16-க்கு முன் செக்கைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடும். பதிப்பை உயர்த்துங்கள். அப்புறம் மைனஸ் வரிகளைத் திருத்திவிட்டு செக்கை மறுபடி சேருங்கள். திருத்தாவிட்டால், செக்கைச் சேர்க்கும் ஆல்டர் கட்டளை மறுத்துவிடும்.